மலை ஏறினால் தப்பிக்கலாமா?

தேனி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சின்னமனூரிலிருந்து மேலே போனால் வரும் மேகமலை எஸ்டேட்டுகள் சுமார் 1500 மீட்டரில். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கீழே வியர்த்துக் கொட்டும்போதே மேலே ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பூமி 1 டிகிரி சூடானால், பழகிய குளிருக்காக ஓர் உயிரினம் சுமார் 150 மீட்டர் மேலே போகணும்.

சூழல் மாறும்போது உயிரினங்களுக்கு மூணு வழி. ஒன்று, இடம் மாறுவது. இரண்டு, இருந்த இடத்திலேயே பழக்கத்தை மாற்றிக்கொள்வது. இங்கிலாந்தில் சிட்டுவகைப் பறவைகள் இப்போது 1960களைவிட முன்னதாகவே முட்டையிடுகின்றன. மூன்று, தலைமுறைகளின் வழியே இனமே மாறுவது. பின்லாந்தில் ஒரு வகை ஆந்தையில் சாம்பல், பழுப்பு என்று இரண்டு நிறம் உண்டு. நிறம் பரம்பரையாக வருவது. பனி குறையக் குறைய, பழுப்பு ஆந்தைகளின் விகிதம் கூடியது. பழுப்பு நிறம் புதிதாக முளைக்கவில்லை, ஏற்கெனவே இருந்தது. இயற்கைத் தேர்வு கையிருப்பிலிருந்துதான் எடுக்கும். கையிருப்பு குறைவென்றால்?

நம்ம ஊர்ப் பிரச்சினை இங்கேதான். பழனிச் சிரிப்பான் என்ற பறவை பழனி மலை, ஆனைமலை, மேகமலை போன்ற உயரங்களில் மட்டும் வாழ்கிறது. இதன் நெருங்கிய உறவினங்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கேயும் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயும் தனித்தனியாகப் பிரிந்துபோனவை. 2017ல் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘மான்டிசின்க்லா’ என்ற பேரினப் பெயர் வைத்தார்கள். குளிர்ந்த சிகரங்கள் தீவு மாதிரி; சூடான தாழ்நிலம்தான் கடல். தீவு சின்னதானால் கூட்டமும் சின்னதாகும், மரபணுக் கையிருப்பும் கரையும்.

"காலநிலை முன்பும் மாறியதுதானே?" என்று கேட்கலாம். மாறியது. நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவுகளை ஆராய்ந்து 1993ல் வெளியான ஆய்வின்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வறட்சி, புல்வெளியே மிகுதி. பருவமழை வலுத்தபோது மரங்கள் பரவின. ஆனால் அந்த மாற்றங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. நடுவே தேயிலைத் தோட்டமும் சாலையும் இல்லை.

இன்று மேலே போனால் மலை குறுகுகிறது. உச்சிக்கு மேல் இடமே கிடையாது. அதனால், தோட்டங்களுக்கு இடையே மிச்சமிருக்கும் சின்னச் சின்னச் சோலைத் துண்டுகளை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடியாது. ஒரு மலையின் பறவை அடுத்த மலையின் பறவையோடு கலக்க, கையிருப்பைக் காத்துக்கொள்ள, அவைதான் படிக்கட்டு.