கரும்புச் சோகையால் கட்டிய கடல் வேலி

கரும்பு வெட்டி முடிந்ததும் வயலில் பரவிக் கிடக்கும் சோகை விவசாயிக்குப் பெரிய தொல்லை. எளிதில் மட்காது; மாடும் விரும்பித் தின்னாது. தீ வைத்துவிடுவதே சுலபம் என்று பலர் கருதுகின்றனர். இந்தச் சோகையைக் கொண்டே கடலில் வேலி கட்டி, ஒரு தீவின் மக்கள் தங்கள் கரையைக் காக்க முயன்றனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மொரீஷியஸ் தீவில் இது நடந்தது.

மொரீஷியஸ் கரும்பு விளையும் நாடு. 1834ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கூலியாட்கள் கொண்டு செல்லப்பட்டனர். தமிழர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் வழி வந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளை நம்பியும் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. தீவைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டு ஒரு வரப்புப் போல அமைந்திருக்கிறது. வரப்புக்கு உட்பட்ட கடல் ஆழமில்லாதது, அலை அடங்கியது. மீன் பிடிப்பதும், பயணிகளைப் படகில் அழைத்துச் சென்று பவளத்தைக் காட்டுவதும் இந்த உட்கடலில்தான்.

பன்னிரண்டு நாள் அவகாசம்

2020 ஜூலை 25ஆம் தேதி இரவு, 'வகாஷியோ' என்னும் சரக்குக் கப்பல் தீவின் தென்கிழக்கே பாயின்ட் டெஸ்னி என்ற இடத்துக்கு அருகில் பவளப்பாறை மீது ஏறி நின்றுவிட்டது. கப்பலின் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். பிரேசில் நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அதில் சரக்கு ஏதும் இல்லை. ஆனால் அதன் சொந்த எஞ்சினுக்கான எண்ணெய் மட்டும் 3,800 டன்னுக்கு மேல் இருந்தது. எண்ணெய்க் கப்பல் உடைந்தால்தான் ஆபத்து என்று நினைப்பது தவறு. பெரிய கப்பல் எதுவாயினும் அதன் வயிற்றில் ஒரு குளம் எண்ணெய் இருக்கிறது.

பன்னிரண்டு நாட்கள் அலை மோதியபின், ஆகஸ்டு 6ஆம் தேதி எண்ணெய்த் தொட்டி விரிசல் கண்டது. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் உட்கடலில் கலந்தது. மறுநாள் அரசு சுற்றுச்சூழல் நெருக்கடி நிலையை அறிவித்தது. மீதி எண்ணெயில் பெரும்பகுதியை இறைத்து எடுத்த பிறகு, ஆகஸ்டு 15ஆம் தேதி கப்பல் இரண்டாக உடைந்தது. முன்பே ஏன் இறைக்கவில்லை என்று மக்கள் கேட்டனர். கடல் கொந்தளிப்பாக இருந்தது என்று அரசு கூறியது. இந்தப் பதில் மக்களுக்குத் திருப்தி தரவில்லை. ஆகஸ்டு 29ஆம் தேதி தலைநகர் போர்ட் லூயியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு பேரணி நடத்தினர்.

அந்தப் பருவத்தில் அங்கே தென்கிழக்குக் காற்று வீசும். காற்று எண்ணெயைக் கரையை நோக்கியே தள்ளியது. மாஹேபூர் என்ற கரையோர ஊரில் தண்ணீர் தார்போலக் கறுத்தது. கரையோரமாக ஏறத்தாழ 30 கிலோ மீட்டர் தூரம் பாதிக்கப்பட்டது.

சோகை வேலி

சுத்தம் செய்யும் வேலையை அதிகாரிகளிடம் விட்டுவிடுமாறு அரசு கேட்டுக்கொண்டது. மக்கள் காத்திருக்கவில்லை. ஜூன் முதல் ஆண்டு இறுதி வரை அங்கு கரும்பு வெட்டும் காலம். ஆதலால் காய்ந்த சோகைக்குப் பஞ்சமில்லை. வயல்களிலிருந்து வந்து இறங்கிய சோகையை ஆண்களும் பெண்களும் மாணவர்களும் மாஹேபூர் கடற்கரையில் உட்கார்ந்து துணியிலும் வலையிலும் திணித்து, நீண்ட திண்டுகளாகத் தைத்தனர். மிதப்பதற்காகக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துக் கட்டினர். மீனவர்கள் தங்கள் படகுகளில் அவற்றை இழுத்துச் சென்று ஆற்று முகத்துவாரங்களிலும் சுரபுன்னைத் தோப்புகளின் முன்பும் நிறுத்தினர்.

எண்ணெய் நீரைவிட லேசானது; மேற்பரப்பில் படலமாக மிதந்து வரும். மிதக்கும் திண்டு அந்தப் படலத்தைத் தடுத்து ஓரிடத்தில் சேர்க்கிறது. பிறகு வாளியிலோ பம்பு மூலமாகவோ அள்ளலாம். சோகையின் சொரசொரப்பான பரப்பில் எண்ணெயின் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. இது முற்றிலும் புதிய யோசனை அன்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா பார்பரா கரையில் எண்ணெய் பரவியபோது, வைக்கோலைத் தூவி எண்ணெயோடு சேர்த்து வாரி எடுத்தனர்.

எனினும் சோகையின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது எண்ணெயை மட்டுமின்றி நீரையும் குடிக்கும். நாளாக நாளாக நனைந்து கனத்து அமிழ்ந்துவிடும். எண்ணெயுடன் அடியில் போய்ப் படுத்தால் கேடு இரட்டிப்பாகும். எனவே வேலியைப் போட்டால் மட்டும் போதாது, அமிழும் முன்பே மாற்ற வேண்டும். எண்ணெய் தார்போலக் கெட்டியாக இருந்தால் உள்ளே ஊறாமல் வெளிப்புறத்தில் மட்டுமே அப்பும். நீரோட்டம் நொடிக்கு ஏறத்தாழ ஓர் அடிக்கு மேல் வேகமாக இருந்தால், எந்த மிதவை வேலியானாலும் எண்ணெய் அதன் அடியில் புகுந்து போய்விடும். வாய்க்காலில் வேகமாக வரும் தண்ணீரை நேருக்கு நேர் தடுத்தால் மடை உடைந்துவிடும் என்பது உழவருக்குத் தெரியும். அதுபோல மிதவையையும் ஓட்டத்துக்குக் குறுக்கே நேராக வைக்காமல், சாய்வாக வைத்து எண்ணெயை ஓரமாக ஒதுக்க வேண்டும்.

எண்ணெய் குடித்த சோகை பிறகு எருவாகாது. குப்பையில் கொட்டினாலும் வெளியில் கொளுத்தினாலும் தீங்கே. நீர் கசியாத தரையில் தனியாகச் சேர்த்து, அதற்குரிய முறையில்தான் அழிக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. எண்ணெய் ஆவி தலைவலியும் குமட்டலும் உண்டாக்கும்.

சுரபுன்னையும் மணலும்

வேலியை முதலில் சுரபுன்னைத் தோப்புகளின் முன் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. சேற்றில் காற்று இல்லாததால் இந்த மரம் முட்டுவேர்களில் உள்ள சிறு துளைகள் வழியே மூச்சு விடுகிறது. எண்ணெய் பூசிக்கொண்டால் துளைகள் அடைபட்டு மரம் வாடும். இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்வதும் அந்த வேர்களின் நடுவில்தான். ஒரு தோப்பு போனால் பல பருவத்து மீன் போனதாகக் கணக்கு.

கரைக்குச் சற்று அப்பால் உள்ள எக்ரெத் தீவு 26 ஹெக்டேர் பரப்பே கொண்டது. அரிய இளஞ்சிவப்புப் புறாக்களும் அந்நாட்டுக்கே உரிய மரங்களும் அங்கு பேணப்படுகின்றன. எண்ணெய் நெருங்கியதும், வளர்ப்புத் தோட்டத்திலிருந்த ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் படகேற்றிக் கரைக்குக் கொண்டு வந்தனர். நாற்றங்காலைக் காப்பாற்றினால் தோட்டத்தைத் திரும்ப எழுப்பலாம் என்பது அங்கும் பொருந்தும்.

மணற்கரையைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. பயணிகள் வரவேண்டுமே என்ற பதைப்பில் எந்திரத்தைக் கொண்டு மணலை வாரினால் எண்ணெய் உள்ளே அமுங்கும். கரையும் அரித்துப் போகும். 1967 மார்ச் 18ஆம் தேதி இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அருகே 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. அதில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இருந்தது. கோடை விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் கரையை வெளுக்க வேண்டும் என்று ஏறத்தாழ 10,000 டன் சலவைத் திரவத்தைக் கொட்டினர். எண்ணெயில் பிழைத்த பாறை நத்தைகள் இந்த மருந்தில் செத்தன. பாசியைத் தின்ன நத்தை இல்லாததால் பாறைகள் பச்சையாகப் பாசி மூடின. மருந்து அதிகம் கொட்டிய இடங்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. சீல்கள் வாழ்வதால் மருந்து தெளிக்காமல் விடப்பட்ட காட்ரெவி என்ற இடம் சில ஆண்டுகளிலேயே தேறிவிட்டது.

படகும் கப்பலும்

உல்லாசப் பயணத்துக்கு எண்ணெய் பல வழியில் இடையூறு செய்கிறது. கப்பல் தன் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சுகிறது. எண்ணெய்ப் படலத்தில் நுழைந்தால் குழாய்களும் கெடும். கப்பலின் பக்கத்தில் ஒட்டிய எண்ணெய் சுத்தமான துறைமுகத்துக்கும் பரவும். 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, மிசிசிப்பி ஆற்றுக்குள் வரும் கப்பல்களைக் கழுவுவதற்கே தனி ஏற்பாடு செய்தனர். துறைமுக வாயில் மிதவை போட்டு மூடினால் படகு எதுவும் வெளியே போக முடியாது.

மொரீஷியஸின் பெரிய துறைமுகமான போர்ட் லூயி தீவின் மறுபக்கத்தில் இருந்ததால் அது தப்பியது. அடிபட்டவர்கள் சிறிய படகுக்காரர்களே. புளூ பே என்ற இடத்தில் கண்ணாடி அடித்தளப் படகில் பவளம் காட்டுவோரும், எக்ரெத் தீவுக்கு ஆள் ஏற்றுவோரும் தொழிலை இழந்தனர். பெருந்தொற்றால் அந்த ஆண்டு மார்ச் முதலே வெளிநாட்டார் வரவு நின்றிருந்தது. உள்ளூர்க்காரர்களாவது வருவார்கள் என்றிருந்த நேரத்தில் எண்ணெய் வந்தது. பாதிக்கப்பட்ட உட்கடலில் மீன் பிடிக்கவும் தடை விதிக்கப்பட்டது.

நஷ்டஈடு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெயைச் சரக்காக ஏற்றும் கப்பலுக்கென உலக அளவில் தனி நஷ்டஈட்டு நிதி இருக்கிறது. வகாஷியோ சரக்குக் கப்பலானதால் அந்த நிதி இதற்குப் பொருந்தவில்லை. எஞ்சின் எண்ணெய் குறித்த 2001ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படியே கேட்க வேண்டும். அதில் கப்பலின் அளவை ஒட்டி உச்சவரம்பு உண்டு. கேட்பவர் தம் வருமானத்தையும் நிரூபிக்க வேண்டும். கையில் காசு வாங்கிக் கூடையில் மீன் விற்பவரிடம் ரசீது ஏது? படகுப் பதிவு, சங்க உறுப்பினர் சீட்டு, ஏலக் கணக்கு, ஐஸ் மற்றும் டீசல் வாங்கிய பில் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருப்பவருக்கே இத்தகைய வேளையில் வாய் திறக்க இடம் கிடைக்கிறது.

2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கரிய எண்ணெய் கரை ஒதுங்கியபோது, இங்கும் வாளியும் கையுமாகத்தான் அள்ளினர். மீனுக்கு வாங்குவோர் குறைந்தனர். நம் பக்கத்தில் சோகையைவிடச் சிறந்த ஒரு பொருள் இருக்கிறது. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழல் போன்றது. மேலே மெழுகுப் பூச்சு உடையது. ஆதலால் நீரை ஒதுக்கி எண்ணெயை மட்டும் உறிஞ்சும். தன் எடையைப் போலப் பல மடங்கு எண்ணெயைப் பிடிக்கும். ஆனால் விலை அதிகம், அளவும் குறைவு. சோகையோ மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். சோகைத் திண்டை வெளி வேலியாகவும், இலவம்பஞ்சு அடைத்த சிறு தலையணைகளை உள்ளே தேங்கிய எண்ணெயை ஒற்றி எடுக்கவும் பயன்படுத்தலாம். இரண்டும் காய்ந்த நிலையில் கரையோரக் கிராமங்களில் முன்கூட்டியே சேமித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.