கொட்டுவது குப்பையா... கம்பளியா?

"ஏம்மா... ரசத்துல பாரு, மறுபடியும் ஒரு முடி! இந்த நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லு உன் புருஷனை!"

மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கறுப்புக் கண்கள் மிரண்டுபோய்ப் பார்க்கின்றன. வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன்!

உங்கள் வீட்டிலும் இந்தக் காட்சி உண்டா? அப்படியானால், நாயை வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

நாம் 'பொமரேனியன்' என்று செல்லமாக வளர்ப்பதில் பெரும்பாலானவை உண்மையில் 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்ற வகை. 1994-ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் கலக்கிய டஃபி இந்த ஜாதிதான். இதன் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமாக, கொஞ்சம் முரடாக இருப்பது மேல்முடி. அதற்கு அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பது அடிமுடி. வீடு முழுக்கப் பறந்து உங்களைப் படுத்துவது அதிகமாக இந்த அடிமுடிதான்.

இந்தப் பஞ்சில் நூல் நூற்கலாம்!

"நாய் முடியில நூலா? சீச்சீ!" என்று முகம் சுளிக்காதீர்கள். விலை உயர்ந்த பஷ்மினா சால்வை எதிலிருந்து வருகிறது? லடாக் ஆட்டின் அடிமுடியைச் சீவி எடுத்துத்தானே!

நாய் முடி நூலுக்கென்றே 'ஷியங்கோரா' என்று ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சில் நாய்க்கு 'ஷியன்'. அதோடு அங்கோரா முயல் கம்பளியின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். 1994-ல் அமெரிக்காவில் இந்தப் பின்னல் வேலையைச் சொல்லிக்கொடுக்கும் புத்தகமே வந்தது.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. இன்றைய கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், அதை ஒட்டிய அமெரிக்கக் கடற்கரையிலும் வாழும் சாலிஷ் பழங்குடிப் பெண்கள், கம்பளிக்காகவே ஒரு நாய் இனத்தை வளர்த்தார்கள். மற்ற நாய்களோடு கலந்துவிடாமல் தனித் தீவுகளிலும் பட்டிகளிலும் வைத்து, மீன் போட்டு, ஆட்டுக்குச் செய்வதுபோல முடி கத்தரித்தார்கள். மலை ஆட்டின் முடியோடு சேர்த்து நூற்றுப் போர்வை நெய்தார்கள். 1792-ல் அங்கே போன கப்பல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவர், இவை பார்க்கப் பொமரேனிய நாய் மாதிரி, ஆனால் சற்றுப் பெரிதாக இருப்பதாக எழுதி வைத்தார்!

வெள்ளையர் குடியேற்றம், பெரியம்மை, பழைய வழக்கங்களுக்கு விழுந்த தடைகள்... எல்லாம் சேர்ந்து அந்த நாய் இனமே அழிந்துபோனது. 1859-ல் இறந்த 'மட்டன்' என்ற ஒரே ஒரு நாயின் தோல், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2023-ல் அதன் மரபணுக்களை ஆராய்ந்து, இது ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே தனியாகப் பிரிந்த வம்சம் என்று கண்டுபிடித்தார்கள். நாம் துடைப்பத்தால் தள்ளுவதை அந்தப் பெண்கள் சொத்தாக மதித்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

மரக்காணத்து வெயிலில்...

அது குளிர் நாடு. நம் மரக்காணம் பக்கம் கதை வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, பாத்தி பாத்தியாக உப்பளமும் வெள்ளைக் குவியலுமாகப் பார்க்க அழகுதான். ஆனால் அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள்! கொளுத்தும் வெயில், உப்புக் காற்று, உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. நமக்கே இப்படி என்றால், இரண்டு அடுக்குக் கம்பளி போர்த்திய ஜீவனுக்கு?

"மொட்டை அடிச்சுட்டா ஜிலுஜிலுன்னு இருக்குமே" என்று நினைக்காதீர்கள். அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. மழித்துவிட்டால் தோல் வெந்துபோகும். முடி திரும்பச் சரியாக வளராமலும் போகலாம். உதிர்ந்து சிக்கி நிற்கும் அடிமுடியை வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை சீவி எடுத்தாலே போதும், காற்றோட்டம் கிடைத்துவிடும்.

உப்பளத்துப் பக்கம் வாக்கிங் கூட்டிப் போனால், திரும்பியதும் பாதங்களையும் வயிற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துவட்டுங்கள். அடிமுடிக்குள் ஈரம் தங்கினால் புண் வரும். பாத்தியில் நிற்கும் உப்புநீரைக் குடிக்க விடவே கூடாது. அதிகம் குடித்தால் வாந்தி, பேதி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நூற்பது எப்படி?

* கத்தரித்த முடி வேண்டாம், குத்தும். சீப்பில் வரும் அடிமுடியை மட்டும் சேருங்கள். நீளம் ஒன்றரை, இரண்டு அங்குலமாவது இருக்கட்டும்.

* துணிப்பையில் அல்லது காகிதப் பையில் போட்டு, காற்றாட வையுங்கள். கடலோர ஈரத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

* வெதுவெதுப்பான நீரில் ஷாம்பு கலந்து ஊறவைத்து அலசுங்கள். கசக்கினால் கட்டிதட்டிவிடும். நாய் வாசனை போகும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

* காய்ந்ததும் பஞ்சைப் பிய்ப்பதுபோலப் பிய்த்து, பாதிக்குப் பாதி ஆட்டுக் கம்பளி கலந்து கொள்ளுங்கள். நாய் முடிக்கு இழுவைத் தன்மை குறைவு. தனியாகப் பின்னினால் தொளதொளவென்று தொங்கும்.

* தக்ளியில் நூற்று, இரண்டு இழையைச் சேர்த்து முறுக்குங்கள். நனைத்துத் தொங்கவிட்டுக் காயவைத்தால் பின்னல் ஊசிக்கு நூல் தயார்!

ஒரு சின்னப் பொமரேனியனின் முடியில் ஸ்வெட்டர் எல்லாம் சீக்கிரம் எதிர்பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் சேர்த்தால் குட்டியாக ஒரு மப்ளர் வரலாம். நல்ல கதகதப்பாக இருக்கும். மரக்காணத்தில் அதற்கு வேலை இல்லைதான். டெல்லியில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அனுப்பலாமே!

யாருக்கு வேண்டாம்?

வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பலர் நினைப்பதுபோல அலர்ஜிக்கு முடி நேரடிக் காரணம் இல்லை. நாயின் எச்சில், சிறுநீர், தோல் செதில் இவற்றிலுள்ள புரதம்தான் வில்லன். அது முடியில் ஒட்டிக்கொண்டு பறக்கிறது. ஆகவே நாயைப் படுக்கையறைக்குள் விடாதீர்கள். அலர்ஜி இல்லாத ஒருவர், வாசலில் வைத்து, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு சீவட்டும். குழந்தைக்கு இளைப்பு குறையவில்லை என்றால், நாய் வீட்டில் இருக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். பொதுவாக எங்கும் முடி உதிர்வது இயல்பு. ஆனால் திட்டுத் திட்டாகச் சொட்டை, ஓயாத அரிப்பு, சிவப்பு, செதில் இருந்தால் அது நோய். உண்ணி, படர்தாமரை, தைராய்டு கோளாறு என்று பல காரணம் இருக்கலாம். இதில் படர்தாமரை குழந்தைகளுக்கும் தொற்றும். அந்த முடியைச் சேர்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உண்ணி மருந்து தடவியிருந்தாலும், எத்தனை நாள் கழித்து முடி எடுக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் இருமுறை கையில் சீப்பை எடுப்பவருக்குத்தான் உண்ணியும், புண்ணும், கட்டியும் முதலில் தட்டுப்படும். நூல் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த லாபம் நிச்சயம்!

முடி கொட்டுகிறது என்று நாயை ஹைவேயில் இறக்கிவிட்டு வருவது பாவம் மட்டுமல்ல. பசி, தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பொமரேனியனுக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.

சரி, மாமியார் கோபத்துக்கு என்ன வழி? சமையலறை வாசலில் ஒரு தடுப்பு வையுங்கள். பிறகு நைசாகக் கேளுங்கள்: "அத்தே, நீங்க ஸ்கூல்ல தக்ளி நூத்திருக்கீங்களாமே?"

எழுபதைத் தாண்டியவர் என்றால் 'ஆமாம்' என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அப்புறமென்ன... சீப்பு உங்கள் கையில், தக்ளி அவர் கையில். கட்டிலுக்கு அடியில் இருப்பவன் தைரியமாக வெளியே வரலாம்!