மொட்டை மாடியில் ஒரு கொய்யா!

தள்ளுவண்டியில் கொய்யா வாங்கியிருப்பீர்கள். 'சர்க்கரை ஸார்' என்று சத்தியம் பண்ணிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கடித்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு குடித்தனம்! வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை. வாடகை வீட்டுக்காரனான எனக்கு அந்தப் புழுவைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நாமே வளர்த்தால் என்ன? வளர்த்தேன். முந்தைய வீட்டில், தரையில். மூன்றாம் வருஷம் காய்த்துக் குலுங்கிய நேரத்தில் ஹவுஸ் ஓனர் கார் வாங்கினார். கார் நிற்க இடம் வேண்டுமே... மரம் போச்சு! 'அதான் ரெண்டு தடவை பறிச்சுட்டீங்களே' என்று ஆறுதல் வேறு.

அன்றிலிருந்து நான் டிரம் கட்சி. வீடு மாறினால் பீரோ, கட்டிலோடு மரமும் வண்டி ஏறும்.

பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. விதை போட்டு முளைக்க வைக்காதீர்கள்; காய்க்க நாலைந்து வருஷம் ஆகும், எப்படிப்பட்ட பழம் வரும் என்பதும் லாட்டரி. பதியன் கன்று என்றால் இரண்டு, மூன்று வருஷத்தில் பழம். லக்னோ-49 ரகம் கேட்டு வாங்குங்கள். பெயர்தான் லக்னோ, தேர்ந்தெடுக்கப்பட்டது புனேயில்! நம் ஆபீஸிலும் இப்படி ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்ட ஆசாமிகள் உண்டே.

தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். முதல் வருஷப் பூக்களைக் கிள்ளி விடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் செடி பலப்பட வேண்டுமே! கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். அதனால் அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளைக் கத்தரித்தால், அடுத்த ரவுண்டுக்கு மரம் தயார்.

மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். பழத்துக்குள் குடித்தனம் வைப்பது பழ ஈ. காய் பழுக்கும் முன்பே பேப்பர் உறையோ வலைத் துணியோ கட்டிவிட்டால், அது முட்டையிட வழியில்லை. உதிர்ந்த பழங்களை அப்படியே விடாமல் ஆழப் புதைத்து விடுங்கள்.

ஆரஞ்சைவிடச் சுமார் நாலு மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. அதையும் மரத்திலிருந்து பறித்த கையோடு கடிக்கிற சுகம் இருக்கிறதே... அனுபவித்தால்தான் தெரியும்!

கடைசியாக ஒரு டிப்ஸ். முதல் பழத்தை மறக்காமல் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள். மாடிச் சாவி அவர் கையில்தானே இருக்கிறது!