இடப்பக்கத்து பிரேக்

ஐம்பதில் பாடம் – 9

சென்ற வாரம் எல்.எல்.ஆர். கைக்கு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சாலைச் சின்னங்களுக்குப் பதில் சொல்லி, நூற்றுக்கு அறுபதைத் தொட்டவனுக்கு அரசாங்கம் 6 மாதத் தவணை கொடுக்கிறது. அதற்குள் பழகி, டெஸ்ட் கொடுத்து, லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். ஆனால் முதல் 30 நாள் டெஸ்ட் பக்கமே போக முடியாது. பஸ்ஸிலேயே வாழ்க்கையை ஓட்டிவிட்ட எனக்கு அந்த 30 நாள் வீண் தாமதமாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் காலையில், 300 நாள் கொடுத்திருந்தாலும் பத்தாது என்று ஆகிவிட்டது.

பாளையங்கோட்டை மகாராஜநகர், காலை 6 மணி. வெள்ளை ஆல்டோவின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’. அந்த அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கண்டதும் மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துப் போவார்கள் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை. நம் ஊரில் அதைக் கண்டதும் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டார்கள்.

மாஸ்டருக்கு 35 வயது இருக்கும். முதல் நாள் என்னை ‘சார்’ என்றார். வண்டியை நான்கு முறை ஆஃப் செய்த பிறகு ‘அண்ணாச்சி’ ஆகிவிட்டேன். அதை அன்பென்று எடுத்துக்கொள்வதா, இந்த ஆள் வெகுநாள் நம்மோடுதான் இருப்பார் என்ற கணக்கென்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

முதல் பாடம் இடது காலுக்கு. இன்ஜினைக்கூடப் போடவிடவில்லை. கிளட்சை அமுக்கு, மெல்ல விடு, அமுக்கு, மெல்ல விடு. கெண்டைக்கால் வலிக்கிற வரைக்கும் அதுதான். பிறகு இன்ஜினைப் போட்டு, முதல் கியரில் வைத்து, “காலை எடுத்துக்கிட்டே வாங்க. வண்டி லேசா நடுங்கும். அங்கனயே நிறுத்துங்க” என்றார். ஹாஃப் கிளட்ச். சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினும் அசையாமல் நிற்கும் சக்கரமும் ஒன்றையொன்று உரசிப் பார்க்கிற இடம். இன்ஜின் சத்தம் ஒரு பிடி தாழும், ஸ்டியரிங்கில் ஒரு அதிர்வு வரும், பானெட் மூக்கை ஒரு விரற்கடை தூக்கும். அந்த இடத்தைத் தாண்டிக் காலை வெடுக்கென்று எடுத்தால், நிற்கிற சக்கரத்தை ஒரே இழுப்பில் சுற்ற முடியாமல் இன்ஜின் செத்துப்போகும். எனக்கு அந்த நடுக்கம் பிடிபட ஐந்து நாள் ஆனது. ஸ்கூட்டர்கூட ஓட்டாத என் இடது காலுக்கு இத்தனை காலம் நடப்பதைத் தவிர வேறு வேலை கொடுத்ததில்லையே.

அடுத்தது இடப்பக்க இடைவெளி. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இடது சக்கரம் எங்கே போகிறது என்பது கடைசிவரை கிசுகிசுதான். மாஸ்டர் ஒரு குறி சொல்லிக் கொடுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது ரோட்டின் இடது ஓரம் ஏறக்குறைய பானெட்டின் நடுவில் வந்து முட்டினால், இடது சக்கரம் ஓரத்தை ஒட்டிப் போகிறது என்று அர்த்தம். நம்ப முடியாமல் இறங்கிப் போய்ப் பார்த்தேன். நாலு விரல் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

ஒரு வண்டியில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவர் பின் சீட்டில். ஆளுக்கு அரை மணி நேரம் என்று பேச்சு. டிரைவிங் ஸ்கூலில் கார் பழகுகிறவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது கையில் ஸ்டியரிங் இருக்கவேண்டும் என்பது விதி. அரை மணி வீதம் 21 நாளைக்குப் பத்தரை மணி. கணக்கு சரிதான். ஆனால் வண்டி கிளம்புவதற்குள் டீ, பெட்ரோல் பங்க், மூன்றாமவரை வீட்டு வாசலில் ஏற்றுவது எல்லாம் அந்த அரை மணிக்குள்ளேயே வந்துவிடும்.

அந்தப் பின் சீட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஏழாம் நாள், ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஓட்டிக்கொண்டிருந்தார். பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவர், ரோட்டுப் பயம் கிடையாது. முருகன்குறிச்சி நெருங்க நெருங்க, முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரம்கட்டியது. கார் பதவிசாக வேகம் குறைந்து, ஒரு முழம் தள்ளி நின்றது. “நல்லா நிறுத்துனீங்க டீச்சர்” என்றார் பின் சீட்டிலிருந்த இன்னொருவர். டீச்சர் முகத்தில் பெருமை. நான் மட்டும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால், குறுக்காக மாஸ்டரின் முழங்கால் தெரிந்தது. அது கொஞ்சம் தாழ்ந்து, பிறகு ஏறியது.

பழகுகிற வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். டபுள் கன்ட்ரோல். அப்படி இல்லாமல் காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்தக்கூடாது. இருப்பது எனக்கும் தெரியும். ஆபத்தில் அமுக்குவதற்கு என்று நினைத்திருந்தேன். தீயணைப்பு வாளியைப் போல. அது எந்நேரமும் வேலையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு தடவைகூட ஆஃப் ஆகாமல் மகாராஜநகரிலிருந்து முருகன்குறிச்சிவரை ஓட்டிவிட்டதாக வீட்டில் பீற்றிக்கொண்டவன் நான். மெல்லக் கேட்டேன். மாஸ்டர் மறைக்கவில்லை. “நீங்க எங்க ஓட்டுனிய அண்ணாச்சி? நாமல்லா ஓட்டுனோம்.”

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி தானாக மெதுவானதால், திருப்பம் வந்தால் வண்டி தானே மெதுவாகும் என்று என் வலது கால் பாடம் எழுதிக்கொண்டுவிட்டது. பிரேக் போடாமலே பிரேக் போட்ட பலன். டிரைவிங் ஸ்கூல்களைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டென்றால் இதுதான்.

டெஸ்ட் தேதி நெருங்கியபோது பாடம் வேறு மாதிரி ஆனது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 15-ஆம் விதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். கண்ணாடியைச் சரிசெய்வதில் தொடங்கி, எல்லாக் கியரிலும் ஓட்டுவது, மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பது, இறக்கத்தில் சட்டென்று கியரைக் குறைப்பது, முந்துவது, முந்த விடுவது, கையால் சைகை காட்டுவது, குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸில் நுழைப்பது என்று நீளமான பட்டியல். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற ஆளிடம் என் வீட்டுப் பிள்ளைகளை நம்பி அனுப்புவேன். டெஸ்ட் மைதானத்தில் அந்தப் பட்டியல் கிளம்புவது, திரும்புவது, ரிவர்ஸ், கை சைகை என்று நாலு சமாசாரமாகச் சுருங்கிவிடுகிறது. பயிற்சியும் அதற்குத் தக்கபடி கோனார் நோட்ஸ் ஆகிவிடுகிறது.

ரிவர்ஸுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: பின் கண்ணாடியின் மூலையில் அந்த மஞ்சள் கம்பம் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடி, கம்பம் மறைந்ததும் நேராக்கு. மனப்பாடம் செய்தேன். பிசகாமல் வந்தது. மறுநாள் எங்கள் தெருவில் செய்து பார்க்கலாமென்றால் அங்கே மஞ்சள் கம்பம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் புல்லட்டுதான் நின்றது.

எட்டுப் போடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இரு சக்கர வண்டிக்கு அதுதான் பரீட்சை. கால் தரையில் பட்டால் முடிந்தது கதை. தோற்கிறவர்கள் எல்லோரும் முன் சக்கரத்தையே பார்க்கிறார்கள். ஜெயிக்கிறவர்கள் எட்டின் அடுத்த வளைவைப் பார்க்கிறார்கள். இதில் மட்டும் மைதானமும் ரோடும் ஒன்றுதான்.

என் முறை வந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கப் பெயர். மக்கள் வாயில் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. மாஸ்டர் பின் சீட்டுக்குப் போக, அவர் உட்காரும் இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். கிளப்பினேன், ஆஃப் ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவது கியர். இடது கைத் திருப்பம் வந்தது. இண்டிகேட்டர் போட்டேன், கண்ணாடி பார்த்தேன், ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி மெதுவாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. எதிரே ஒரு சைக்கிள். பிறகு வண்டி குலுங்கி நின்றது.

“இப்ப பிரேக் போட்டது யாரு சார்?” என்றார் இன்ஸ்பெக்டர். கோபமே இல்லாமல் கேட்டார். பதில் சொல்லாமல் இறங்கினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் என்ற பெயருக்கு அன்றைக்குப் பொருள் கிடைத்தது.

தோற்றவர் 7 நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்கவேண்டும். அந்த 7 நாளில் மாஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் கார் ஓட்டம். தன் மேலேயே அவருக்குக் கோபம் இருந்திருக்க வேண்டும். முதல் நாள் விடியற்காலை, மகாராஜநகரின் ஆளில்லாத குறுக்குத் தெரு ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வலது கை மட்டும் ஹேண்ட் பிரேக் மேல். “போங்க” என்றார்.

வண்டியை எந்நேரமும் நிறுத்தக்கூடிய நிலையில் பயிற்சியாளர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஹேண்ட் பிரேக்கில் கை இருந்தாலும் சம்மணம் அதில் சேருமா என்று கேட்டால் சேராது என்றுதான் சொல்வேன். அவரும் அந்த ஒரு தெருவைத் தாண்டி அப்படி உட்காரவில்லை. ஆனால் அந்தக் கால்கள் மேலே ஏறிய கணத்தில் ஆல்டோ எனக்கு லாரி கனத்தது. தெருமுனை வந்தது. நாய் ஒன்று படுத்திருந்தது. என் கால், என் கால் மட்டும், பிரேக்குக்குப் போனது. பத்து கிலோமீட்டர் வேகம்தான் இருக்கும். முதுகு நனைந்துவிட்டது.

நான்காம் நாள் மாலை ஜங்ஷன் மேம்பாலம். ரயில் பாதைக்கு மேலே 1973-இல் திறந்த ஈரடுக்குப் பாலம், திருவள்ளுவர் பெயர் வைத்தது. சின்ன வயதில் மேல்தட்டில் பஸ்ஸில் போகும்போது கீழே ரயில் பார்த்த இடம். அதன் ஏற்றத்தில், முன்னால் டவுன் பஸ் நின்றதால் நானும் நிற்க, பின்னால் இன்னொரு பஸ் வந்து பம்பரை முகர்ந்துகொண்டு நின்றது. மாஸ்டர் கால் தரையில்தான் இருந்தது. ஆனால் பெடலைவிட்டுத் தள்ளி, எனக்குத் தெரியும்படி. “பதறாதிய. ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. மொத கியர். அந்த நடுக்கத்தைத் தேடுங்க. வந்தாச்சா? கொஞ்சம் ஆக்சிலேட்டர். இப்ப ஹேண்ட் பிரேக்கை எறக்குங்க.” வண்டி ஒரு விரல் பின்னுக்குப் போகவில்லை. அந்தரத்தில் தொங்குகிற மாதிரி நின்று, பிறகு ஏறியது. பின்னால் பஸ்காரர் அடித்த ஹாரன் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

இப்போது கிளட்சே இல்லாத வண்டிகள் பெருகிவிட்டன. 2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கும் வழி வந்திருக்கிறது. காருக்கு 29 மணி நேரம், அதில் 21 மணி ஓட்டம், 8 மணி வகுப்பு. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. டெஸ்ட் தேவையில்லை. 21 மணி நேரம் என்பது நல்ல கணக்குதான். அதில் எத்தனை மணி நேரம் பக்கத்துக் கால் சும்மா இருக்கிறது என்பதையும் யாராவது பதிவேட்டில் எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

இரண்டாவது டெஸ்டில் சொல்ல ஒன்றுமில்லை. அதே திருப்பம், சைக்கிள் இல்லை, ஆறு நிமிடத்தில் முடிந்தது. இன்ஸ்பெக்டருக்கு என்னை நினைவில்லை.

லைசென்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை, மைத்துனரின் பழைய வேகன்ஆரை வாங்கிக்கொண்டு, மனைவியை ஏற்றி டவுனுக்குப் போனேன். நெல்லையப்பர் கோவில்வரை போய்த் திரும்புவது திட்டம். கொக்கிரகுளத்தில் சுலோசன முதலியார் பாலம் ஏறும்போது எதிரே பஸ் வரிசை. நான் பிரேக்கைத் தொட்டேன். பக்கத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். மனைவி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கைப்பையைப் பிடித்தபடி, வலது காலால் வெறும் மிதியடியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அங்க பிரேக் இல்ல” என்றேன்.

“தெரியும். நீங்க ரோட்டப் பாருங்க” என்றாள். டவுன் ஆர்ச் வரும்வரை காலை எடுக்கவில்லை.

(தொடரும்)