இன்னும் உட்காரவில்லை: பொறுத்துப் பார்ப்பதா, தெரபிக்குப் போவதா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மாதத்துக்கு ஒரு விசாரணை நடக்கும். தலை நின்னாச்சா? குப்புற விழுந்துட்டாளா? உட்கார வச்சா உட்கார்றானா? பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் இந்தக் கணக்கை வைத்திருந்தார்கள்: தலைநிமிர்ந்து அசையும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், நடந்து வரச் சொல்லும் வருகை பதின்மூன்றாம் மாதம். ‘இன்னும் இல்லை’ என்று பதில் வரும்போதுதான் வீடு இரண்டு கட்சியாகிறது. “அவங்க அப்பனே ஒன்றரை வயசுலதான் நடந்தான், சும்மா இரு” என்பார் பாட்டி. அம்மாவோ நள்ளிரவில் கைபேசியில் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். எவ்வளவு அகலமான இடைவெளி பாருங்கள். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வதை நூற்றில் நான்கு குழந்தைகள் செய்யவே இல்லை. நேராக நடக்கப் போய்விட்டார்கள். ஆகவே பதினான்கு மாதத்தில் நடக்காத குழந்தையைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் பத்து மாதமாகியும் உட்காராத குழந்தைக்கு, பாட்டி சொல்லும் சமாதானம் போதாது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு முதலில் வயதைத் திருத்திக்கொள்ள வேண்டும். 32 வாரத்தில் பிறந்திருந்தால் எட்டு வாரம் முந்திவிட்டது. காலண்டரில் ஒன்பது மாதம் என்றால் வளர்ச்சிக் கணக்கில் ஏறக்குறைய ஏழுதான். இரண்டு வயதுவரை இந்தக் கழிவு உண்டு. அதே சமயம், குறைமாதக் குழந்தைகளுக்கும், பிறந்ததும் அழாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கும், கடும் மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். திருத்திய வயது தரும் ஆறுதலில் இவர்களுக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

மாதக் கணக்கைவிட முக்கியமானது, குழந்தை எப்படி அசைகிறது என்பது. நான்கு மாதமாகியும் கை சதா முஷ்டியாகவே மூடியிருப்பது, தலை நிற்காமல் தொங்குவது, டயப்பர் மாற்றும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு விறைப்பது, தூக்கினால் உடல் துவண்டு நம் கையிலிருந்து நழுவுவது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டிப் பொருள் எடுக்கும் குழந்தையை ‘இடதுகைப் பழக்கம்’ என்று கொஞ்சிவிட்டு விடுவது நம் ஊரில் சகஜம். அந்த வயதில் கைப்பழக்கம் வருவதில்லை. மறு கை பலவீனமாக இருக்கக்கூடும். செய்துகொண்டிருந்ததைக் குழந்தை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் அவசரம். சிரித்துப் புரண்டுகொண்டிருந்த பிள்ளை அதை மறந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தாமதம் தெரிந்ததும் நேரே பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, பி12 குறைவு எல்லாம் குழந்தையைப் பின்தங்க வைக்கும். இவற்றுக்கு மருந்து வேண்டும், பயிற்சி மட்டும் போதாது. பதினெட்டு மாதமாகியும் நடக்காத ஆண் குழந்தைக்கு சி.கே. என்ற எளிய ரத்தப் பரிசோதனை, தசைச்சிதைவு நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பதினாறு கோடி ரூபாய் ஊசியால் செய்திகளில் அடிபட்ட எஸ்.எம்.ஏ. என்ற தசைநலிவு நோயில் கண்கள் துறுதுறுவென்றிருக்க, உடல் மட்டும் துவண்டு கிடக்கும். அதில் ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும். எனவே முதல் படி குழந்தை நல மருத்துவர்.

அவர் ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்றால்? சொல்லலாம், தப்பில்லை. ஆனால் எதுவரை பொறுப்பது, அதற்குள் எது வர வேண்டும், வராவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்றையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி இல்லாத பொறுமை வெறும் தள்ளிப்போடல்தான். உதாரணமாக, அசைவைப் பாதிக்கும் மூளை முடக்குவாதத்தை (செரிப்ரல் பால்சி), தக்க பரிசோதனைகள் செய்தால் பல குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டறிய முடியும் என்று 2017இல் பன்னாட்டு நிபுணர் குழு வெளியிட்ட ஆய்வு சொன்னது. நோயின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சியை நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதும் அவர்கள் முடிவு.

தெரபி என்றதும் கைகாலைப் பிடித்து நீட்டி மடக்குவதே மனதில் வருகிறது. இன்று நிபுணர்கள் வலியுறுத்துவது வேறு: குழந்தை தானாக முயல வேண்டும், விருப்பமான பொருளை எட்டிப் பிடிக்க வேண்டும், அது வீட்டில், தினமும், அம்மா அப்பா கையால் நடக்க வேண்டும். வாரம் இருமுறை முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு செய்து, பெற்றோருக்கு எதையும் கற்றுத்தராத நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்கலாம். தென்காசி அருகே ஆய்க்குடி அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வீடுவீடாக அனுப்புகிறது. செல்போன் செயலி வழியே தெரபிஸ்டுகள் அவர்களை வழிநடத்துகிறார்கள்.

உட்கார்ந்து உருளும் பிளாஸ்டிக் வாக்கர் தெரபி அல்ல. அது நடையைத் தாமதிக்கும். படியில் உருண்டு தலையிலும் அடிபடும். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. நின்று தள்ளிப்போகும் நம் மர நடைவண்டி வேறு ரகம், அதைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்டெம்செல் ஊசி போட்டால் பிள்ளை நடக்கும் என்று லட்சங்களில் விலை பேசுவோரிடம் மிக எச்சரிக்கை தேவை. 2017 தேசிய வழிகாட்டுதலின்படி, மூளை முடக்குவாதத்துக்கு அதை ஆராய்ச்சியில் மட்டுமே தரலாம். ஆராய்ச்சியில் சேருபவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது.

பணம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த மையம் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்; மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்கத் தேவையில்லை. முறை வரும்வரை காத்திருக்காமல் நர்சம்மாவிடமோ அங்கன்வாடி ஊழியரிடமோ நீங்களே கேட்கலாம். மூளை முடக்குவாதம் உறுதியானால் மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரபிச் செலவும் சேர்த்து, பெற வழியுண்டு.

சேவை மறுக்கப்பட்டால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி மாநில ஆணையரிடம் எழுத்தில் புகார் தரலாம். தனியார் இடத்தில் பொய் வாக்குறுதி தந்து பணம் பறித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தெரபி தொடங்கும் நாளிலிருந்தே ரசீது, விளம்பரத் துண்டு, வாட்ஸ்அப்பில் சொன்ன உறுதிமொழி, மாதம் ஒருமுறை குழந்தை அசைவதை எடுத்த வீடியோ ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வைப்பது நல்லது. புகாருக்கு மட்டுமல்ல, அடுத்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கும் அந்த வீடியோவே பதில்.