சுழலும் சக்கை நிறுத்திக் காட்டும் வெளிச்சம்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பட்டறையில் எரியும் டியூப் லைட்டுகளை எல்லாம் எல்இடிக்கு மாற்றப் போகிறோம். பழைய பட்டி அப்படியே இருக்கட்டும், குழாயை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் கடைக்காரர். சரிதானா?"

பாதி சரி. கரண்ட் மிச்சமாகும் கதை எல்லோருக்கும் தெரியும். 36 வாட் டியூப்பும் அதன் சோக் தின்னும் பத்து வாட் சொச்சமும் போய், 18 அல்லது 20 வாட்டில் வேலை முடிந்துவிடும். ஆனால் பட்டறைக்காரர்கள் வாட்டை மட்டும் பார்த்து வாங்குவதுதான் எனக்குக் கவலை.

நமக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சைக்கிள். ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொட்டு ஏறுகிறது. எனவே காப்பர் சோக்கில் எரியும் டியூப் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்கு அது தெரிவதில்லை, சுழலும் இயந்திரம்தான் காட்டிக்கொடுக்கும். லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக், நாலு ஜா (பிடிக்கும் தாடை) உள்ளது, 1,500 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 சுற்று. ஒரு பிரகாசத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சக் சரியாகக் கால் சுற்று போயிருக்கும். முதல் ஜா இருந்த இடத்தில் இப்போது அடுத்த ஜா. கண் ஏமாந்துபோகும், சக் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வேகம் 1,440-க்கு இறங்கினால் சக் மெதுவாகப் பின்பக்கம் சுற்றும். சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்களில், முன்னே பாயும் குதிரை வண்டியின் சக்கரம் பின்னே சுழலுமே, அதே கணக்குதான். படத்தில் அது வேடிக்கை. பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் தன் லேத் ஓடும் சத்தம் கேட்காமல், நின்றுவிட்டது என்று நம்பிக் கையை நீட்டுகிறவருக்கு விரல் போய்விடும்.

அந்தக் காலத்து வயர்மேன்கள் இதற்கு அருமையான வழி வைத்திருந்தார்கள். பட்டறைக்குத்தான் த்ரீ ஃபேஸ் லைன் வருகிறதே! அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் கொடுத்தார்கள். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பிரகாசிக்கும். எல்இடிக்கு மாறும்போது வயரிங்கைச் சுருக்குகிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் கோத்துவிடாதீர்கள்.

எல்இடி என்றாலே மினுக்கம் இருக்காது என்று நினைப்பதும் தவறு. டியூப்பின் உள்ளே பூசிய பாஸ்பர் ஒளியைக் கொஞ்சம் பிடித்துவைத்து விடும். எல்இடியோ கரண்ட் இறங்கிய அந்தக் கணமே இறங்கிவிடும். மின்னோட்டத்தைச் சீராக்கும் நல்ல டிரைவர் உள்ளே இருந்தால் பிரச்சினையில்லை. அதில் காசு மிச்சம் பிடித்த மலிவுக் குழாய் பழைய டியூப்பைவிட மோசமாக மினுக்கும். வாங்குமுன் கடையில் எரியவிட்டு, அடியில் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பேனா விசிறிபோல ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாக வரிசைகட்டித் தெரிந்தால், அது லேத்துக்கு மேலே தொங்கவேண்டிய விளக்கு அல்ல.

இனி வயரிங். சில குழாய்களுக்கு, ஸ்டார்ட்டருக்குப் பதில் கூடவே தரும் பியூஸ் ஸ்டார்ட்டரைப் போட்டால் சோக் அப்படியே இருக்கலாம். மற்றவற்றுக்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு நேரடியாக சப்ளை கொடுக்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையிலா, முனைக்கு ஒன்றா என்பது குழாய்க்குக் குழாய் மாறும். அதன் மேலேயே படம் அச்சிட்டிருப்பார்கள். முனைக்கு ஒன்று என்றால், ஒரு முனையை ஹோல்டரில் மாட்டிவிட்டு மறுமுனையின் பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கக்கூடும். மெயினை இறக்காமல் ஏணியில் ஏறவே கூடாது. வேலை முடிந்ததும் பட்டியில் 'எல்இடி மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள். நாளை யாராவது விவரம் தெரியாமல் பழைய டியூப்பை மாட்டிவிடக் கூடாது.

கழற்றிய குழாய்களைக் குப்பைமேட்டில் போட்டு உடைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, இந்த நீளக் குழாய்களின் உற்பத்தியையே 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்ததற்குக் காரணம் அதுதான். சோக்கை எடைக்குப் போடுங்கள், உள்ளே செம்பு இருக்கிறது. குழாயை உடையாமல் மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும், புது எல்இடி வந்த அட்டைப்பெட்டியிலேயே பழைய 26 மில்லிமீட்டர் டியூப் கச்சிதமாக அடங்கும்.