மறதி நோய் உள்ள வீட்டில் மருந்து டப்பா எங்கே இருக்கிறது?

மா பூவெடுக்கும் தை, மாசியில் ஊத்தங்கரைப் பக்கம் மருந்து அடிக்காத தோட்டம் குறைவு. அடித்தது போக மிச்சம் இருப்பது பம்ப்செட் அறைக்கோ மாட்டுக் கொட்டகை எரவாணத்துக்கோ போய்விடும். மகனும் மருமகளும் பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் என்று கம்பெனி வேலைக்குக் கிளம்பிய பிறகு, பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் பெரியவர்கள்தான். அவர்களில் ஒருவருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருந்தால், அந்த மிச்ச மருந்தைப் பற்றி இன்றே யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்று விட்டுவிடுவதால், நோய் என்று தெரிவதே தாமதம். நோய் முற்றிய பிறகுதான் உயிருக்கு ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், தற்கொலை எண்ணம் தலைதூக்குவது பெரும்பாலும் ஆரம்ப கட்டத்தில். தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கே புரிகிற காலம் அது. நோய் இன்னதென்று தெரிந்த முதல் 3 மாதங்களிலும், 65 வயதுக்குள் நோய் வந்தவர்களிடமும் ஆபத்து கூடுதல் என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2022-ல் காட்டியது.

'அவருக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே, மருந்தை எங்கே தேடப்போறார்?' என்ற எண்ணம் தவறு. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும்; 40 வருஷம் புழங்கிய கொட்டகையில் எது எங்கே என்பது மறக்காது. அதனால் பழைய இடத்திலேயே பூட்டுப் போட்டால் போதாது. இடத்தையே மாற்ற வேண்டும். சாவி ஆணியில் தொங்கக் கூடாது. அந்தப் பருவத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்கினால் மிச்சமே இருக்காது. காசும் மிச்சம்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சென்னை ஸ்நேகா அமைப்பு ஒரு வழி காட்டியது. ஊர்ப் பொது அறையில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி. வீட்டில் மருந்து வைப்பதில்லை. பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்ததை 2013-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. உழவர் குழுக்கள் இருக்கும் ஊர்களில் இதைச் செய்யத் தடை ஏதுமில்லை, மனசு இருந்தால்.

'உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்', 'போய்ச் சேர்ந்தா நல்லது' என்று பெரியவர் சொன்னால் அதட்டி அடக்க வேண்டாம். 'சாகணும்னு தோணுதாப்பா?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. நாலு பேர் முன்னால் 'இதுகூட மறந்துபோச்சா' என்று கேட்பதுதான் அவரைக் குத்தும். கடலைக்காய் உரிப்பது, மாட்டுக்குத் தீவனம் போடுவது என்று முடிந்த வேலையை அவரிடமே விடுங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இதையும் சொல்லுங்கள். 14416, 104 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

யாராவது மருந்தைக் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.